சத்துவாச்சாரிக்குப் போன நேரம்

ஆம்பூரிலிருந்து வேலூர் ஒன்றும் சீமை அல்ல. விடியற்காலை ரயிலைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் காட்பாடியில் இறங்கி, ஜட்கா வைத்துக்கொண்டு, பாலாற்றைத் தாண்டி ஊருக்குள் போய்விடலாம். வேலையை முடித்து மாலை வண்டியில் திரும்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு. அப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். அதில் ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். என் மனைவி ஞானம்மாளின் கண்ணைக் காட்டப் போன நாள் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம்.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவனாக இருந்தேன். பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இது முதல் தரம், இது இரண்டாவது, இது கழிசல் என்று போட வேண்டும். ஒரு தோலுக்கு மூச்சு விடுகிற நேரம்கூடக் கிடையாது. அந்த வேலையில் எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்கு ஆசையும் இருந்தது. ஞானம் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் தெருவில் கடிதம் வந்தால் அவளிடம்தான் படிக்கக் கொண்டு வருவார்கள்.

அவளுக்கு வலது கண் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டது. கண் சிவந்தது, தலை வலித்தது, வாந்தி எடுத்தாள். நந்தியாவட்டைப் பூச்சாறு விடு என்றார்கள், விட்டோம். சந்தனம் அரைத்துப் பற்றுப் போடு என்றார்கள், போட்டோம். பதினைந்து நாளில் வலி நின்றது, பார்வையும் நின்றது. இடது கண்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

இப்போது இடது கண்ணிலும் அது தொடங்கியிருந்தது. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்றாள். பள்ளிக்கூடத்துத் தலைமை அம்மாள் பயந்துபோய் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மதராஸிலிருந்து ஒரு கண் டாக்டர் மாதத்துக்கு ஒரு நாள் அங்கே வருகிறார், அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றோடு அழைத்து வரவும் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

வெறும் வயிற்றோடு என்று எழுதியிருந்ததிலிருந்தே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கூட்டம் இல்லை. எங்களுக்கு எதிரே கதர்ப் புடவை கட்டிய ஒரு தெலுங்கு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். குப்பத்திலிருந்து வருகிறாளாம். மகன் வேலூர் ஜெயிலில் இருக்கிறான். கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஞானத்துக்குத் தெலுங்கு பாதி புரியும். எனக்கு அவள் சொல்லிச் சொல்லித்தான் தெரிந்தது. பார்க்க விடுகிற நேரம் கால் மணிதானாம். போன மாதம் வண்டி தாமதமாகி, மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தாளாம். "வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன், நல்ல கதவு" என்று அந்த அம்மாள் தெலுங்கில் சொல்லிச் சிரித்ததை, ஞானம் சிரிக்காமல் எனக்குத் தமிழில் சொன்னாள்.

குடியாத்தத்தில் இட்லி வந்தது. நான் வாங்கினேன். ஞானம் எனக்காக இலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்னி அபாரம். ஆம்பூரில் சட்னிக்குத் தேங்காயைக் கண்ணில் காட்டுவார்கள். இங்கே கையில் தட்டுப்படுகிறது என்று அவளிடம் சொன்னேன். "நல்லா சாப்டுங்க, இன்னிக்கு வெயில்ல நிக்கணும் நீங்க" என்றாள்.

காட்பாடியில் பிடித்த ஜட்காக்காரர் கெட்டிக்காரர். குதிரை மேட்டில் ஏறும்போது எங்களை முன்னால் நகரச் சொன்னார், பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் நகரச் சொன்னார். பாலாற்றைத் தாண்டுவதற்குள் நாலு தடவை இடம் மாறினோம். ஆற்றில் மணல் மட்டும்தான். சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, இதுதான் எங்கள் வேலூர் என்று அவர் பெருமையாகவே சொன்னார். எங்கள் பக்கத்துப் பாலாற்றிலும் தண்ணீர் இல்லைதான். ஆனால் நாங்கள் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

ஒன்பதுக்கு முன்பே போய்விட்டோம். ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் போகக் கூடாது. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருக்க வேண்டும். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி சீட்டைப் பார்த்தாள், ஞானத்தின் இமையைத் தூக்கிப் பார்த்தாள், அவள் பேரையும் என் பேரையும் எழுதிக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, ஒரு மணிக்குள் டாக்டர் முடிவு சொல்வார், கூப்பிடும்போது நீங்கள் இருக்க வேண்டும் என்றாள். ஞானம் உள்ளே போகும்போது படியில் நின்று, "எங்கியும் போய்டாதீங்க" என்றாள். போகமாட்டேன் என்றேன்.

பத்து மணி வரை மரத்தடியில் இருந்தேன். என்னோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கடலைக் குடியானவர், தன் மாமியாரை அழைத்து வந்திருந்தார். போன மாதமும் இதே மாதிரி ஒரு மணி என்றார்கள், மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள் என்று அவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை என் காலைக் கிளப்பிவிட்டது. ஒரு மணி என்றால் மூன்று மணி. இப்போது பத்து. கோட்டையை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கோட்டைப் பக்கம் போகிறேன், நான் வருவதற்குள் கூப்பிட்டால் சொல்லுங்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டு நடந்தேன்.

கோட்டை அகழியில் தண்ணீர் பச்சையாக நின்றது. அவ்வளவு பெரிய சுவரை அவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. கல்லோடு கல் எப்படி ஒட்டியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். சுவர் நிழலில் இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தர்ப்பூசணியைக் கத்தியால் வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியதைப் பக்கத்தில் நின்ற பழக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: எங்கள் ஊரில் இப்போது பனி பெய்யும் என்று ஒருவன் சொல்கிறானாம், அதைப் பற்றிப் பேசாதே என்று மற்றவன் சொல்கிறானாம்.

பிறகு கடைத்தெரு. முள்ளுக் கத்தரிக்காய் குவித்து வைத்திருந்தார்கள், காம்பெல்லாம் முள்ளாக. எங்கள் சந்தைக்கு வருவதைவிட இரண்டு பங்கு பருமன். ஆர்க்காட்டு மக்கன் பேடா விற்கிற கடையைப் பார்த்ததும் ஞானத்துக்கென்று நாலு வாங்கினேன். அவளுக்கு அது என்றால் உயிர். ஓலைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது, நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி எனக்கு வந்தது. அப்போதே திரும்பியிருந்தால் பதினொன்றுக்கு மரத்தடியில் இருந்திருப்பேன்.

அங்கேதான் கரீம் பாய் என்னைப் பார்த்தார். தோல் தரகர். ஆம்பூருக்கு மாதம் இரண்டு தடவை வருவார். என் ஜன்னலோரம் வந்து நின்று நான் தரம் பிரிப்பதை வேடிக்கை பார்ப்பார். "இன்னா மேஸ்திரி, இங்க எங்க?" என்று தோளில் கை போட்டார். சொன்னேன். ஆண்டவன் கிருபையால் எல்லாம் சரியாகிவிடும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அவர் நல்ல மனுஷர். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அவருக்கு ஒரு சங்கடம். சத்துவாச்சாரியில் ஒரு கிடங்கில் உப்புப் போட்ட பச்சை ஆட்டுத்தோல் ஒரு லாட் வந்து கிடக்கிறது. மதராஸிலிருந்து வாங்குகிறவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். தோல் மட்டம் என்கிறார். இவர் உயர்த்தி என்கிறார். யாராவது தெரிந்தவன் வந்து சொன்னால் போதும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரு தபா பாத்து சொல்லிட்டு வந்துடு. ஜட்கா நிக்குது, அரை மணி நேரத்துல கொண்டாந்து உட்டுடறேன்" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "உன் கண்ணு மாதிரி இந்த ஜில்லாவுல ஒரு கண்ணு கெடையாது, மேஸ்திரி."

நான் ஜட்காவில் ஏறினேன்.

சத்துவாச்சாரி அப்போது வயலும் தென்னையுமாக இருந்த கிராமம். மதராஸ் ரோடு ஊரை ஒட்டிப் போகும். கிடங்கில் விரித்துப் போட்டிருந்த தோலைப் பார்த்ததுமே அது நல்ல சரக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை உடனே சொல்ல மனம் வரவில்லை. மதராஸ்காரர் பட்டுக்கரை வேட்டி கட்டி நாற்காலியில் இருந்தார். இந்த ஆளுக்கா தெரியும் என்று இந்துஸ்தானியில் யாரையோ கேட்டார். அது எனக்குப் புரிந்தது. அதனால் ஒவ்வொன்றாக எடுத்தேன். வாசலுக்கு நேரே பிடித்தேன். இது உரிக்கும்போது கத்தி பட்டது, இது முள்ளு கிழித்தது, இது புள்ளி விழுந்தது, ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினால் மறைந்துவிடும், இது மறையாது என்று சொல்லிச் சொல்லிப் போட்டேன். பத்துத் தோல் பார்த்தால் போதும். நான் நூற்றுக்கு மேல் பார்த்தேன். மதராஸ்காரர் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. பொய் சொல்ல என்ன இருக்கிறது?

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மத்தியானத் தொழுகை. அதைக் கேட்டதும் கையிலிருந்த தோலைக் கீழே போட்டேன். எழுந்துவிட்டேன். ஆனால் கரீம் பாயும் ஜட்காக்காரரும் தொழப் போய்விட்டார்கள். நடந்தே போயிருக்கலாம், மூன்று மைல்தான். வண்டி இருக்கும்போது வெயிலில் நடப்பானேன் என்று நின்றேன். வந்ததும், சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டார்கள். கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டேன். மூன்று மணி என்றுதானே அந்தக் குடியானவர் சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கறி நன்றாக வெந்திருந்தது என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அதை மறந்துவிடப் பலமுறை முயன்றிருக்கிறேன்.

வண்டி கிளம்பிக் கால் மைல் போயிருக்கும். சடக்கென்று ஒரு சத்தம். இடது சக்கரத்தின் கடையாணி கழன்று எங்கோ விழுந்துவிட்டது. சக்கரம் அச்சை விட்டு வெளியே வந்து வண்டி சாய்ந்தது. நானும் ஜட்காக்காரரும் ரோட்டுப் புழுதியில் கடையாணியைத் தேடினோம். அவர் பேஜார் பேஜார் என்று முனகிக்கொண்டே தேடினார். அப்போது வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. ஹாரன் அடித்தார்கள். நாங்கள் ஒதுங்கினோம். எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு அது மதராஸ் ரோட்டில் போய்விட்டது. பின் ஆசனத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாய்க்குள் திட்டினேன்.

பிறகு நடந்தேன். பாதி தூரம் ஓடினேன்.

வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. காவல்காரர் என்னைப் பார்த்ததும் என் பேரைச் சொல்லி, நீதானா என்று கேட்டார். மூன்று தடவை ரோட்டு வரைக்கும் வந்து கூப்பிட்டாராம். குடியானவர் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறார். கோட்டை வரைக்கும் ஓடிப்போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய மாமியாரைப் பன்னிரண்டுக்கே அனுப்பிவிட்டார்கள், எனக்காகத்தான் அவர் அதற்கு மேலும் இருந்தாராம்.

நர்ஸ் வெளியே வந்தாள். அவளுடைய தமிழில் மலையாளம் கலந்திருந்தது, கோபம் இல்லை. பன்னிரண்டரைக்கு டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறியிருக்கிறது. இன்றைக்கே கத்தி வைத்தால் இருக்கிற பார்வை நிற்கும். ஞானத்துக்குத் தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி, ஆஸ்பத்திரிப் புடவை கட்டி, கண்ணில் மருந்தும் விட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். புருஷன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இரண்டரை வரைக்கும் டாக்டர் காத்திருந்தார். மறுநாள் காலை அவருக்கு மதராஸில் வேறு கத்தி வேலை இருந்தது. காரில் போய்விட்டார்.

"அவங்க, நானே போடறேன்னு சொன்னாங்க. நல்ல எழுத்து அவங்களுக்கு. சட்டம் இல்லே, நான் எந்து செய்யும்?" என்றாள் நர்ஸ்.

ஞானம் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தன் புடவையைத் திரும்பக் கட்டியிருந்தாள். பின்னலை மட்டும் அவிழ்க்கவில்லை. அந்த இரட்டைப் பின்னலில் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினாள். "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்கு என்ன ஆயிற்று என்றுதான் அவள் கேட்டாள்.

கோட்டைப் பக்கம் போனேன், வெயிலில் மயக்கம் வந்து விழுந்துவிட்டேன், யாரோ தூக்கிக் கடை நிழலில் போட்டார்கள் என்றேன். வாயைத் திறந்ததும் வந்த பொய் அது. சட்டையெல்லாம் புழுதி, ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பொய்க்கு வேண்டிய சாட்சியெல்லாம் என் மேலேயே இருந்தது. அவள் எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறது என்று சொன்னாள்.

சட்டைப் பையிலிருந்த பேடா நசுங்கியிருந்தது. அதை அவளிடம் கொடுத்தேன். முந்தின நாள் சாப்பிட்டவள். பசியில் இரண்டை அவசரமாகத் தின்றாள். மீதி இரண்டை எனக்கு நீட்டினாள். மயக்கம் வந்த உடம்பு, வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்றாள்.

மாலை ரயிலில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். ஆம்பூர் வரும் வரைக்கும் முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டு வந்தாள். எதிரே இருந்தவர்கள் நான்தான் நோயாளி என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கி முகர்ந்துகொண்டேன்.

கண்ணில் விடச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் வரைக்கும் அது தாங்கினால் உங்கள் அதிர்ஷ்டம், முடிந்தால் இந்த வாரமே மதராஸ் போங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மருந்து விட்டதும் வலி போய்விட்டது. விளக்கைச் சுற்றி இருந்த வட்டமும் போய்விட்டது. பார்வை தெளிவாக இருக்கிறது என்றாள். ஷாப்பில் கப்பலுக்குச் சரக்குப் போகிற சமயம். எனக்கு லீவு கேட்கத் தயக்கம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, அவளுக்கும் தயக்கம். நாங்கள் மதராஸ் போகவில்லை. ஒருமுறை பட்ட பாடு போதாமல் மறுபடியும் இருந்துவிட்டோம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் ஆராதனையின்போது பாட்டு எண் சொன்னார்கள். ஞானம் புத்தகத்தை விரித்தாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

மறுநாளே மதராஸ் போயிருக்க வேண்டும். ஐந்து நாளில் அதே டாக்டர் வேலூருக்கே வருகிறாரே என்று அப்போதும் காத்திருந்தேன்.

அந்த நாள் வந்ததும் போனோம். இந்தத் தடவை நான் வேப்பமரத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் குடிக்கவும் போகவில்லை. பதினொரு மணிக்கே என்னைக் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் காரில் தூங்கிக்கொண்டு போனவரை அப்போது நேரில் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். கடுமையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நர்ஸ் தமிழில் சொன்னாள்: நரம்பு செத்துவிட்டது, இனிமேல் கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லை, கையெழுத்து ஒன்றும் வேண்டாம்.

திரும்பும்போது ஜட்காவில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கே வந்திருக்கிறோம் என்று அவள் கேட்டாள். கோட்டை என்றேன். "நீங்க மயங்கி விழுந்தது எந்த எடம்?" என்றாள்.

வண்டிக்காரர் காதில் விழுமே என்றுகூட நான் பார்க்கவில்லை. நான் விழவில்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிப்பாய்கள் தின்ற தர்ப்பூசணியிலிருந்து, கரீம் பாய் சொன்ன வார்த்தை, நாற்காலியை விட்டு எழுந்து வந்த மதராஸ்காரர், கையை நக்கிச் சாப்பிட்ட சோறு, புழுதி இறைத்துப் போன கார் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது பாலாற்று மணல் வந்திருந்தது.  காட்பாடியில் இறங்கி ரயிலுக்குக் காத்திருந்தோம். அவள் கையை என் முழங்கையில் வைத்திருந்தாள். வைக்காமல் அவளால் நடக்க முடியாது.

குடியாத்தம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தோலு நல்ல தோலா?" என்றாள்.

நல்ல தோல்தான் என்றேன்.

 கல்யாணமான புதிதில் ஷாப்பு ரிஜிஸ்தரில் நான் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்லேட்டை மடியில் வைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். என் கையெழுத்தை முதலில் எழுதியதே அவள்தான். அதைப் பார்த்துத்தான் நான் எழுதக் கற்றேன்.

"அன்னிக்கு அந்தக் காகிதத்த என் கைல குடுத்துட்டு நர்ஸம்மா உள்ள போச்சு. பேனாவும் இருந்துச்சு. உங்க கையெழுத்த நானே போட்டிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. போடப் போனேன். நீங்க வந்துடுவீங்கன்னு தோணுச்சு. வந்து பாத்தா, நம்மள நம்பலியேன்னு நெனப்பீங்கன்னு, பேனாவ கீழ வச்சுட்டேன்."

 ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவள்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைத் தாண்டித்தான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் பாட்டும் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டார்கள். காலையில் நான் கொண்டுபோய் விட்டுவிட்டு ஷாப்புக்குப் போவேன். மத்தியானம் வந்து அழைத்துப்போவேன். மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பே போய் நிற்பேன். கரீம் பாய் மாதம் இரண்டு தடவை வந்துகொண்டுதான் இருந்தார். விஷயம் தெரிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு என் ஜன்னலோரம் வந்து நிற்பதை விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் சொல்லித் திரும்பிய அந்த மாலை ஆம்பூரில் வண்டி நின்றபோது எல்லோரும் இறங்கட்டும் என்று காத்திருந்தோம். நான் முதலில் இறங்கிக் கையை நீட்டினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றாள். காலைக் கீழே நீட்டித் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படாமல் இழுத்துக்கொண்டாள்.

"எத்தன படி?" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். ஆயிரம் தடவை ஏறி இறங்கிய வண்டிதான். ஆனாலும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"ரெண்டு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.